காமெடிக்குச் சிரித்தது தப்பா? மொட்டை மாடியில் படம் போட்டதில் வந்த பஞ்சாயத்து

கேரம்போர்டுகாரன்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு கேரம் கிளப் இருக்கிறது. வட சென்னை, பழைய வண்ணாரப்பேட்டை, எம்.சி. ரோட்டிலிருந்து உள்ளே வர வேண்டும். கிளப் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, இரண்டு போர்டு, தலைக்கு மேல் தொங்குகிற ஒரு பல்பு, எந்நேரமும் போரிக் பவுடர் வாசனை, அவ்வளவுதான். புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல் அமெரிக்காவுக்குப் போய் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்ததிலிருந்து சின்னப் பசங்க கூட்டம் வேறு சேர்ந்துவிட்டது, எங்களுக்கே போர்டு கிடைப்பதில்லை.

காணும் பொங்கல் அன்று ராத்திரி மொட்டை மாடியில் படம் போடலாம் என்று முடிவாயிற்று. புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்தோம், கொடிக்கம்பியில் டபுள் வேட்டியைக் கட்டித் திரையாக்கினோம். படம் ஒரு தமிழ் காமெடி, நீங்கள் எல்லோரும் பார்த்ததுதான். பெயர் வேண்டாம், சொன்னால் இங்கே ரசிகர் சண்டை ஆரம்பித்துவிடும், கேட்க வந்தது காணாமல் போய்விடும்.

எங்களோடு ஒரு பையன் ஆட வருவான். மிசோரம்காரன், ஐசால் பக்கம். எம்.சி. ரோட்டில் மோமோஸ் வண்டியில் வேலை. தமிழ் நன்றாகவே பேசுவான். கை அவ்வளவு சுத்தம், ரெட் காயைப் போட்டால், அதற்குத் துணையாக அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காய் தப்பவே தப்பாது. அவனை நாங்கள் எல்லோரும் ‘நேபாளி’ என்றுதான் கூப்பிடுவோம். ஆரம்பத்தில் இரண்டு மூன்று முறை “நான் நேபாளி இல்லண்ணா, மிசோரம்” என்று சொல்லிப் பார்த்தான், அப்புறம் விட்டுவிட்டான். இதை டைப் அடிக்கும்போதே எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

படத்தில் ஒரு காட்சி. கூர்க்கா வேஷத்தில் ஒருவர் வருவார், அவருடைய கண்ணை வைத்து வரிசையாக மூன்று நான்கு ஜோக். முழித்திருக்கிறாரா தூங்குகிறாரா என்கிற வகை. மாடி முழுக்க ஒரே சிரிப்பு, நானும் சிரித்தேன். அவனும் சிரித்தான் என்றுதான் நினைத்தேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அவன் உட்கார்ந்திருந்த பாய் காலி, பாதி தின்ற முறுக்கு மட்டும் இருக்கிறது. போன் போட்டால் “தூக்கம் வருதுண்ணா” என்றான். அதற்குப் பிறகு நான்கு நாள் ஆயிற்று, கிளப் பக்கமே வரவில்லை.

இப்போது கிளப் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. செயலாளர் “காமெடியைக் காமெடியா பாருங்கடா, இதுக்கெல்லாம் மூஞ்சி தூக்கினா கவுண்டமணி செந்தில் படம் ஒண்ணுகூட போட முடியாது” என்கிறார். இன்னொரு கோஷ்டி, அப்படிப்பட்ட படத்தைப் போட்டதே தப்பு என்கிறது. நான் நடுவில். அந்தப் படம் உண்மையிலேயே இனத்தைக் கேவலப்படுத்துகிறதா, இல்லை நாம்தான் எல்லாவற்றையும் பெரிதாக்குகிறோமா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

பேஜார்பாண்டி

ப்ரோ, இதெல்லாம் ஒரு மேட்டரா? ஜோக்குக்குச் சிரிச்சா கேஸ், சிரிக்காட்டி உம்மணாமூஞ்சி. அந்தப் பையனுக்கு நிஜமாகவே தூக்கம் வந்திருக்கும். ராத்திரி பதினொரு மணி வரைக்கும் வண்டியில் நின்றவனுக்குத் தூக்கம் வராமல் என்ன வரும். அவனே ஒன்றும் சொல்லாதபோது நீங்கள் எதற்கு அவனுக்காக வருத்தப்பட வேண்டும்?

நம்ம ஊர்க் காமெடியில் கறுப்பு, குட்டை, சொட்டை, குண்டு, ஊமை, திக்குவாய், யாரை விட்டு வைத்தார்கள்? எல்லோரையும்தான் ஓட்டினார்கள். எல்லோரையும் ஓட்டினால் அது சமத்துவம்தானே.

தண்டையார்பேட்டை தமிழ்

பாண்டி சொல்கிற அந்தச் ‘சமத்துவ’த்துக்குள் இருந்து வந்தவள் நான், என் பங்கைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் கறுப்பு. மாநிறம், டஸ்கி என்றெல்லாம் மழுப்ப வேண்டியதில்லை, நல்ல கறுப்பு. எங்கள் வீட்டில் அது ஒரு விஷயமே இல்லை, ஏனென்றால் வீட்டில் எல்லோருமே அப்படித்தான். 2007-ல் ‘சிவாஜி’ வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம், நானும் விசில் அடித்துக்கொண்டுதான் பார்த்தேன். அதில் சாலமன் பாப்பையாவுக்கு மகள்களாக இரண்டு பேர் வருவார்கள், அங்கவை, சங்கவை என்று பெயர். மேக்கப்பில் கன்னங்கரேலென்று ஆக்கியிருப்பார்கள், அவர்களைக் காட்டினாலே ஜோக். வேறு ஜோக்கே கிடையாது, அவர்கள் வருவதுதான் ஜோக், மற்றவர்கள் அலறுவதுதான் சிரிப்பு.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அதே படத்தில் கதாநாயகனும் கறுப்புதான். அவர் வெள்ளையாவதற்கு என்னென்னவோ செய்து பார்ப்பார், ஒரு பாடல் காட்சியில் வெள்ளையாகவே வருவார், அதற்கும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பு ‘தலைவா, நீ கறுப்பாவே இருய்யா’ என்கிற செல்லச் சிரிப்பு. பெண்களின் கறுப்புக்கு மட்டும் பேயைப் பார்த்த சிரிப்பு. ஒரே படம், ஒரே நிறம், இரண்டு சிரிப்பு. அதனால் ‘எல்லோரையும்தான் ஓட்டினார்கள்’ என்கிற கணக்கு எனக்குச் சரிவரவில்லை.

சரி, படம் முடிந்து வந்தாயிற்று. இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் தமிழம்மா பாரி கதை சொன்னார். மூவேந்தரும் சேர்ந்து பறம்பு மலையை முற்றுகை போட்டது, பாரி செத்தது, அப்பாவும் போய் மலையும் போய் அந்த இரண்டு பெண்கள் பாடிய பாட்டுதான் புறநானூற்றில் 112-வது என்று அவ்வளவு அழகாகச் சொல்லிக்கொண்டு வந்தார், எனக்குத் தொண்டையே அடைத்துவிட்டது. கடைசியில் “அந்தப் பொண்ணுங்க பேருதான் அங்கவை, சங்கவைன்னு சொல்லுவாங்க” என்றார். அவ்வளவுதான், கொல்லென்று ஒரு சிரிப்பு. நாற்பத்தைந்து பேரும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். முன் பெஞ்சுக்காரிகள் உட்பட. தமிழம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, எதற்கு சிரிக்கிறீங்க, எதற்கு சிரிக்கிறீங்க என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய முடியும் அந்த வயதில்.

அப்பா, ஊர், மலை எல்லாம் பறிபோன இரண்டு பெண்களின் பெயர், பத்தாம் வகுப்பு முடிகிற வரைக்கும் என்னைக் கேலி செய்கிற பெயர். இன்றைக்கும் அந்தப் பாட்டு எங்கேயாவது காதில் விழுந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பறம்பு மலை இல்லை, அந்த வகுப்பறை.

கேரம்போர்டு அண்ணா, ஒன்றே ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள். அந்தக் காட்சி வந்தபோது மாடியில் இருந்தவர்கள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தீர்கள்? திரையையா?

பெரம்பூர் லோகோ

தமிழ் அக்கா, கடைசிக் கேள்வி சுருக்கென்றிருந்தது.

நான் கொஞ்சம் படத்தைப் பற்றியே பேசுகிறேன், அண்ணன் கேட்டது அதுதானே. 1968-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே வருடத்தில் இரண்டு படம். ஹாலிவுட்டில் ‘தி பார்ட்டி’, அதில் பீட்டர் செல்லர்ஸ் என்கிற வெள்ளைக்காரர் முகத்தில் மாநிறச் சாயம் பூசிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, போகிற இடமெல்லாம் எதையாவது உடைக்கிற ஓர் இந்திய நடிகராக வருவார். இங்கே பம்பாயில் ‘படோசன்’, அதில் இந்திக் காமெடியன் மெஹ்மூத் குடுமி வைத்து, ‘ஐயோ ஐயோ’ என்று இந்தியைக் கடித்துத் துப்புகிற தமிழ்ப் பாட்டு வாத்தியாராக வருவார். முதல் படத்தைப் பார்த்தால் இந்தியர்களுக்கெல்லாம் கோபம் வரும். இரண்டாவது படத்தில் வடக்கே எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், நமக்கு மட்டும் கோபம் வரும். அப்புறம் நாம் ஒரு படம் எடுப்போம், அதில் ‘நம்பள்கி நிம்பள்கி’ என்று ஒரு சேட்டு, ‘சாயா’ என்று ஒரு சேட்டன், சின்னக் கண்ணோடு ஒரு கூர்க்கா. அதற்கு நமக்குக் கோபம் வராது.

இன்னொரு வகையும் இருக்கிறது. 1974-ல் மெல் புரூக்ஸ் எடுத்த ‘பிளேஸிங் சாடில்ஸ்’. முழுக்க முழுக்க இன வசைதான், நம் வீட்டில் உட்கார்ந்து பார்க்கவே கூச்சமாக இருக்கும். ஆனால் வெள்ளைக்காரர்கள் மட்டுமே இருக்கிற ஊருக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் ஷெரீஃபாக வருகிறார் என்பதுதான் கதை. படத்திலேயே ரொம்பப் புத்திசாலி அவர்தான், முட்டாள்கள் ஊர்க்காரர்கள். எழுதியவர்களில் ரிச்சர்ட் பிரையரும் ஒருவர், அவரே கறுப்பினக் காமெடியன். வசை இருப்பதால் மட்டும் ஒரு படம் கெட்ட படம் ஆகிவிடாது, அந்த வசையால் அசடு வழிவது யார் என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அண்ணன் சொல்கிற தமிழ்ப் படத்தில் அந்தக் கூர்க்காவுக்கு ஒரு வரியாவது திருப்பி அடிக்கிற வசனம் இருந்ததா? நான் அந்தப் படத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன், சரியாக இருந்தால், கிடையாது. வருவார், வாங்கிக் கட்டிக்கொள்வார், போய்விடுவார்.

சென்சார் விட்டார்களே என்று யாராவது கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். 1991 வழிகாட்டு நெறிகளிலேயே இன, மதக் குழுக்களை இழிவுபடுத்தும் காட்சியோ சொல்லோ இருக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது. போட்டிருக்கிறது, அவ்வளவுதான். சிகரெட் வந்தால் மூலையில் எழுத்துப் போடுகிற அக்கறைகூட இதற்கு இல்லை.

பேஜார்பாண்டி

லோகோ தம்பி, நீ விஸ்காம் படிக்கிறாயா? ஜோக்குக்கு எல்லாம் பரீட்சை பேப்பர் திருத்துகிற மாதிரி மார்க் போடுகிறாயே.

பெரம்பூர் லோகோ

படித்து முடித்து இரண்டு வருடம் ஆகிறது அண்ணே. வேலைதான் இன்னும் கிடைக்கவில்லை, அதனால்தான் இங்கே மார்க் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

காசிமேடு தாத்தா

நான் இங்கே எழுதுவது குறைவு, பேரன்தான் இந்தக் கீபோர்டை வைத்துக் கொடுத்தான். வயது 66, மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன்.

நம்மையும் சினிமாவில் அறுபது எழுபது வருடமாக ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதை ஏன் யாரும் சொல்லவில்லை? சந்திரபாபு 1958-ல் ‘சபாஷ் மீனா’வில் ரிக்‌ஷாக்காரராக மெட்ராஸ் பாஷை பேசினார். அவர் தூத்துக்குடிக்காரர், ஆனால் நம்ம பேச்சை அப்படிப் பிடித்திருப்பார், எங்கள் அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. ஏன் என்று இப்போது யோசித்தால், அந்த ரிக்‌ஷாக்காரன் வாய் சாமர்த்தியம் உள்ளவன், நம்ம ஆள் மாதிரி இருப்பான். அப்புறம் லூஸ் மோகன் வந்தார், அவரும் நம்ம ஆள்தான். பிற்பாடு வந்த படங்களில் என்ன ஆயிற்று? லுங்கி, கையில் கத்தி, வாயைத் திறந்தால் ‘இன்னாமே’. காமெடி போய் ரவுடி வந்தான். பாஷை அதேதான்.

விளைவைச் சொல்கிறேன். என் மகன் பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தான். எங்கே வீடு என்று கேட்டார்கள், காசிமேடு என்றான். உடனே “மச்சான், கொஞ்சம் மெட்ராஸ் பாஷை பேசிக் காட்டு” என்றார்களாம். பேசிக் காட்டினான், சிரித்தார்கள். அடுத்த மாதம் ஒரு பையனுடைய லேப்டாப் பை காணாமல் போனது, அப்போதும் சிரித்துக்கொண்டே இவனைத்தான் பார்த்தார்களாம். விளையாட்டுக்குத்தான். பை கேன்டீனிலேயே இருந்தது. இப்போது அவன் வீடு எங்கே என்று கேட்டால் ‘ராயபுரம் பக்கம்’ என்கிறான். ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கெல்லாம் தெரியும்.

இப்படி எல்லாம் பட்ட நாம், மாடியில் உட்கார்ந்து இன்னொரு பையனை நேபாளி என்கிறோம். இன்னா நைனா இது.

சவுகார்பேட்டைப் பையன்

என்னைப் பற்றி ‘நம்பள்கி நிம்பள்கி’ என்று மேலே ஒருவர் எழுதியிருப்பதால் ஆஜர்.

நான் சேட்டுதான். கொள்ளுத்தாத்தா ராஜஸ்தான், தாத்தா காலத்திலிருந்து மின்ட் ஸ்ட்ரீட். அடகுக் கடை இல்லை, ஸ்டீல் பாத்திர வியாபாரம். பிளஸ் டூவில் தமிழ் எடுத்து அதில் 200-க்கு 178 வாங்கியவன், இதை எங்கே சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.

சினிமாவில் நாங்கள் வந்தால் தொப்பை, குல்லா, வட்டி. எங்கள் வீட்டுப் பெண்கள் வந்தால் வெள்ளைத் தோல், பின்னாடியே ஹீரோ. எனக்குக் கோபம் வருமா என்றால், சத்தியமாக, அவ்வளவாக வராது. நானே கல்லூரியில் சேட்டு குரலில் பேசிக் காட்டுவேன், அதில் நான் கெட்டிக்காரன். ஏன் செய்தேன் என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். நானே முதலில் என்னைக் கலாய்த்துக்கொண்டால் மற்றவன் கலாய்ப்பதற்கு மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும். போர்டில் எதிராளி ரெட்டைப் போடுவதற்கு முன்பே நாம் அதைத் தட்டிவிடுவது மாதிரி.

ஆனால் ஒன்று. என்னைப் பற்றிய ஜோக்கால் எனக்கு எதுவும் நஷ்டம் இல்லை. எனக்கு யாரும் வாடகை வீடு இல்லை என்று சொன்னதில்லை, வீடு எங்களுடையது. போலீஸ் என்னை நிறுத்தி ஆதார் கேட்டதில்லை. கடையில் உட்கார்ந்திருந்தால் அதே ஜோக் சொன்ன ஆளே வந்து “சேட்டு, ஒரு அம்பது ரூபா கொறைச்சிக்கோ” என்பார். அந்த மிசோரம் பையனுக்கு அப்படி இல்லை. தெருவில் போகும்போதும் வருகிற ஜோக், வீடு பார்க்கப் போனாலும் வருகிற ஜோக், படத்திலும் வந்தால்? எனக்குப் படத்தோடு முடிகிறது, அவனுக்குப் படம் ஒரு கிளை.

யோக்கியம் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் கல்யாண வீடுகளில் ‘மதராசி’ ஜோக் ஓடும். நிறத்தை வைத்துத்தான். மேலே எழுதிய அக்கா அங்கே இருந்தால் எழுந்து போயிருப்பார். நானும் அங்கே லட்டு தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தவன்தான்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்

சவுகார்பேட்டை சொன்ன ‘கிளை’க்கு ஒரு சின்னச் சேதி.

2012 ஆகஸ்ட். சென்ட்ரல் வாசலில் ஆட்டோ போட்டிருந்தேன். வடகிழக்குக்காரர்களை அடிக்கப் போகிறார்கள் என்று போனில் வதந்தி பரவி பெங்களூரிலிருந்து ஆயிரக்கணக்கில் கிளம்பினார்களே, அதே சமயம் நம்ம சென்னையிலிருந்தும் நிறையப் பேர் போனார்கள். ராத்திரி வேளச்சேரியிலிருந்து நான்கு பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தேன், பார்லர் வேலைக்காரப் பெண்கள். ஒருத்தி மடியில் ரைஸ் குக்கர். துணிமணியை விட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள், பயத்தில் எது கையில் கிடைத்ததோ அது. வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு சிக்னலில் பக்கத்தில் பைக்கில் நின்ற பையன் எட்டிப் பார்த்து ‘சிங் சாங்’ என்றான். அவன் சும்மா காமெடிக்குத்தான் சொன்னான், அடிக்கிற ஆள் இல்லை அவன். ஆனால் அந்த நான்கு பேரும் ஒருத்தி மேல் ஒருத்தி ஒட்டிக்கொண்டதை நான் கண்ணாடியில் பார்த்தேன்.

மறு வருடமே இல்லை, ஒன்றரை வருடம் கழித்து, 2014 ஜனவரியில் டெல்லியில் நிடோ டானியா என்கிற அருணாசலப் பையன். கடையில் அவன் முடியைப் பார்த்துக் கேலி செய்தார்கள், அதில் ஆரம்பித்த அடிதடி, பையன் செத்தே போனான். அதற்குப் பிறகுதான் வெளியூர்களில் வடகிழக்குக்காரர்கள் படும் பாட்டை விசாரிக்க மத்திய அரசு பெஸ்பருவா கமிட்டி போட்டது.

படத்தைத் தடை பண்ணு என்று சொல்ல வரவில்லை. தடை பண்ணினால் இன்னும் பத்து பேர் தேடிப் பார்ப்பான்.

பேஜார்பாண்டி

சரி, ரைஸ் குக்கர் கதை எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. செத்தவன் கதையையும் சினிமா ஜோக்கையும் ஒரே தராசில் வைத்தால் நாளைக்கு யாரும் வாயைத் திறக்க முடியாது. எங்கள் வீட்டில் என்னை ‘சொட்டை மாமா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், எனக்கு 34 வயது. நானும் எழுந்து போக வேண்டுமா?

தண்டையார்பேட்டை தமிழ்

பாண்டி, உங்களைச் சொட்டை மாமா என்று கூப்பிடுகிற வீட்டில் உங்களுக்குத்தானே முதல் கரண்டி சோறு விழுகிறது? அதுதான் வித்தியாசம். பிடிக்கவில்லை என்றால் ஒரு அதட்டல் போடலாம், நிறுத்திவிடுவார்கள். நான் அந்த வகுப்பில் அதட்டல் போட்டிருந்தால் இன்னொரு பெயர் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். அந்தப் பையனோ மூன்று முறை ‘நான் நேபாளி இல்லை’ என்று சொல்லியிருக்கிறான். அதுவே அவன் போட்ட அதட்டல்தான், கேட்டது யார்?

(சொட்டைக்கு ஆறுதல். உண்மையாகவே.)

கேரம்போர்டுகாரன்

இரண்டு நாளாகப் பதில் போட முடியவில்லை, மன்னிக்கவும். எல்லாவற்றையும் படித்தேன். தமிழ் கேட்ட கேள்வியை மட்டும் நான்கு ஐந்து முறை படித்தேன்.

பதில்: திரையை இல்லை. அந்த முதல் ஜோக் வந்ததுமே முன் வரிசையில் ஒருத்தன் திரும்பிப் பார்த்தான், அவனைப் பார்த்து இன்னொருத்தன், அப்புறம் எல்லோரும். நானும் திரும்பினேன். கெட்ட எண்ணத்தில் இல்லை, ‘டேய் உன்னைப் பத்திதான்டா’ என்கிற மாதிரி, தோளில் தட்டுகிற மாதிரிதான். அவன் சிரித்துக்கொண்டிருந்தான் என்று எழுதினேன் இல்லையா, அது எப்படி எனக்குத் தெரியும் என்று யோசித்தேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பின்னால் இரண்டு பாய் தள்ளி உட்கார்ந்திருந்தவன் சிரித்தது எனக்குத் தெரிந்திருக்காது.

நேற்று ராத்திரி வண்டிக்குப் போனேன். கூட்டம் இருந்தது, காத்திருந்தேன். எப்போதும் போல ஒரு பிளேட் சிக்கன் வைத்தான், சிவப்புச் சட்னி கூடவே ஊற்றினான். நான் சுற்றி வளைத்து, “அன்னிக்குப் போட்ட படம் சரியில்லடா, வேற படம் போட்டிருக்கணும்” என்றேன். அவன் பாத்திரத்து மூடியைத் திறந்து ஆவியை விட்டுக்கொண்டே, “அந்தப் படம் நான் ரெண்டு தடவ பாத்திருக்கேன்ணா. எங்க ரூம் பசங்களோட. காமெடி கிளிப் பாத்துத்தான் நான் தமிழே கத்துக்கிட்டேன்” என்றான். நான் விழித்தேன். “அப்புறம் ஏன்டா போயிட்ட?”

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. இரண்டு பார்சல் கட்டினான். பிறகு சொன்னான்: “நீங்க எல்லாரும் என்னைப் பாத்தீங்க. நான் யாரைண்ணா பாக்கிறது?”

எனக்கு மோமோஸ் தொண்டையில் நின்றுவிட்டது. சாரி என்றேன், பரவாயில்லைண்ணா என்றான். அந்தப் ‘பரவாயில்லை’ நம்புகிற மாதிரி இல்லை, நம்பவும் இல்லை. அவன் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். சொன்னான். நான் சொல்லிப் பார்த்தேன், தப்பு என்றான். மறுபடி சொன்னேன், அதுவும் தப்பு. மூன்றாவது தடவை “ஓகேண்ணா, பக்கத்துல வந்துட்டீங்க” என்று சிரித்தான். பக்கத்தில் நின்று தின்றுகொண்டிருந்த ஆளும் சொல்லிப் பார்த்தார், அவர் என்னைவிட மோசம்.

கிளப்பில் இதைச் சொன்னேன். செயலாளர் ஒத்துக்கொள்ளவில்லை, “அப்போ படத்துல தப்பில்லன்னுதானே அவனே சொல்றான்” என்று அதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் சொல்வதிலும் ஏதோ இருக்கிறது போலவும் இல்லாதது போலவும் இருக்கிறது, அதை லோகோவிடம் விடுகிறேன்.

பெரம்பூர் லோகோ

செயலாளருக்கு என் பதில்: தனியாகப் பார்க்கும்போது தாங்கிக்கொள்ள முடிகிறது என்பதால் படம் நல்லதாகிவிடாது. திரும்பிப் பார்க்கலாம் என்று பதினைந்து பேருக்கும் சைகை காட்டிக் கொடுத்ததே அந்தக் காட்சிதான். ஆனால் கழுத்தைத் திருப்பியது அவரவர் கழுத்து. இரண்டையும் பாதிப் பாதி என்று பிரித்துக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை.

காசிமேடு தாத்தா

பையன் கிளப்புக்கு வந்தானா இல்லையா, அதைச் சொல் முதலில்.

கேரம்போர்டுகாரன்

இன்றைக்கு வந்தான் தாத்தா. பத்தரைக்கு மேல், வண்டியை மூடிவிட்டு. யாரிடமும் அதிகம் பேசவில்லை. மூன்று போர்டு ஆடினான், மூன்றிலும் ரெட் அவனுக்கே. செயலாளர்தான் அவனுக்கு ஜோடி. சின்னப் பையன் ஒருத்தன் வாய் தவறி “நேபாளி, கட் அடி” என்றான், செயலாளரே அவன் தலையில் ஒரு தட்டு தட்டினார். பெயரைச் சொல்லித் திருத்த வந்தவர், பெயர் வாயில் வராமல் “தம்பி, நீ அடி” என்று முடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மறுபடி படம். எது வேண்டும் என்று அவனையே கேட்டோம். கவுண்டமணி செந்தில் படம் ஏதாவது போடச் சொல்கிறான்.

பேஜார்பாண்டி

ஹாஹா, அதைத்தானே நானும் முதலிலிருந்து சொல்கிறேன்! சரி, எம்.சி. ரோட்டில் எந்த இடத்தில் நிற்கிறது அந்த வண்டி? துணி எடுக்க வருகிறேன், அப்படியே பார்த்துவிட்டுப் போகிறேன். ஜி.ஏ. ரோடு பக்கமா, இந்தப் பக்கமா?